பூரணி இரண்டு நாள் தாமதமாக வந்ததன் காரணம்

மேல்மந்தாரத் தோட்டம்,
ஹட்டன்.

விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கும் மதிப்புக்குரிய நஸார் ஐயா அவர்களுக்கு, உங்களிடம் பயிற்சியில் இருக்கும் பூரணியின் தகப்பன் செல்லசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையைத் தவிர எல்லோரும் நலம். தாங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஐயா, லீவில் வந்த என் மகள் இரண்டு நாள் பிந்தி வேலைக்குத் திரும்பினாள். உங்களிடம் "வீட்டு வேலை" என்று மட்டும் சொன்னாளாம். அவளுடைய ஆறு மாதப் பயிற்சி இந்த மாதம் முடிகிறது, வேலை நிரந்தரமாவது உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. தன்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிக்கொள்ளத் தெரியாத பிள்ளை, ஆகவே நான் சொல்கிறேன்.

வந்த அன்றே சமையலறையில் புகுந்தாள். விமானத்தில் பூசும் பசைக்கு ஆயுள் உண்டாம், அதைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து கணக்காம், ரப்பர் வளையத்துக்குக்கூடப் பிறந்த திகதி உண்டாம், முதலில் காலாவதியாவதுதான் முதலில் வெளியே போக வேண்டுமாம். சொல்லிக்கொண்டே ஊறுகாய், மிளகாய்த்தூள், டோர்ச் பற்றரி எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினாள். அவளுக்குக் காது குத்திய வருஷம் வாங்கிய என் முழங்கால் தைலத்துக்குச் சிவப்புச் சீட்டு. "வாசம் அப்படியே இருக்கேம்மா" என்றேன். "வாசம் சாட்சி சொல்லாதுப்பா, திகதிதான் சொல்லும்" என்றாள். பழைய அப்பளம் முதலில் வெளியே போக வேண்டும் என்ற சட்டத்தால் என் மனைவி ராசம்மா மூன்று நாள் அப்பளமாகவே பொரித்தாள், நானும் தின்றேன். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவன் நான். கொழுந்து சாக்கில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அதற்கும் நேரம் உண்டு. அந்த அறிவு விமானம் வரைக்கும் போயிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை ஐயா.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறப் போனவள், குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுக்கலாம் என்று தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எட்டிப் பார்த்தாள். கொழுந்து மிகுந்த காலம், ஞாயிறும் லீவு நாளும் தோட்டத்தில் வேலைதான்; பெற்றோர் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் பதினாலு குழந்தைகள் அங்கேதான். அவர்களைப் பார்க்கும் ஆயா வேலாயி கேஸ் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பூரணி பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே போய் சிலிண்டரை மூடினாள். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸில் பத்து வருஷத்துக்கு முந்திய திகதி. வளைத்துப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு.

"பாக்க நல்லாத்தானே இருக்கு கண்ணு" என்றாள் வேலாயி.

"பாக்க நல்லா இருக்குன்னு ஸ்டோர்ல நாங்க ஒண்ணையும் குடுக்கிறதில்லக்கா."

உடனே ஹட்டனுக்கு ஓடினாள். திறந்திருந்த ஒரே கடையில் ஹோஸ் இருந்தது, ஆனால் திகதி இல்லை. வேண்டாம் என்றாள். "வெலை கேட்டு வருவாங்க, இது என்ன ஜாதகம் கேட்டு வருது" என்று கடைக்காரர் கத்தினாராம். திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை, கடைகள் பூட்டு. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டு விறகடுப்பில் பால் காய்ச்சி, மழையில் குடை பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "வேலை போயிருமேடி" என்று ராசம்மா அழுதாள். "போனா போகட்டும்மா, இத வச்சிட்டுப் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். செவ்வாய் திகதியுள்ள ஹோஸ் இரண்டு வாங்கி, ஒன்றை அங்கேயும், மற்றதை ஹோஸ் இல்லாமல் மூலையில் கிடந்த எங்கள் வீட்டு கேஸ் அடுப்பிலும் மாட்டி, சோப்பு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பஸ் ஏறினாள். பழைய ஹோஸை என்னிடம் ஒப்படைத்தாள், நானும் அதை முறைப்படி அகற்றினேன். இந்த விஷயத்தில் தகப்பனும் மகளும் ஒரே ரகம் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

உங்கள் கை தொட்ட விமானங்கள் எல்லாம் பத்திரமாக இறங்கட்டும், உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

பணிவுள்ள,
இரா. செல்லசாமி

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது பூரணி போன் பண்ணினாள். நடந்ததை அவளே உங்களிடம் சொல்லிவிட்டாளாம். நீங்கள் கேட்டது ஒரே கேள்வியாம்: "பழைய ஹோஸை வெட்டிப் போட்டீங்களா?" காலாவதியானதை வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி துண்டாக்கினால்தான் வேலை முடிந்ததாமே. "வெட்டிட்டீங்கதானேப்பா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். ஐயா, நான் வெட்டவில்லை. நல்ல ரப்பர், வீணாகப் போகிறதே என்று வேலாயியிடம்தான் கொடுத்திருந்தேன். போனை வைத்துவிட்டு அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு ஓடினேன். தன் அடுப்பில் அதை மாட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். சிலிண்டரை மூடி, ஹோஸைப் பிடுங்கினேன். "புள்ளைங்களுக்கு ஆகாதது எனக்கு ஆகும்னுதானே குடுத்தீங்க?" என்று கேட்டாள். நேரே வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டுப் புது ஹோஸைக் கழற்றி அவளுக்கு மாட்டினேன், நுரையும் பூசிப் பார்த்தேன். பழையதைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியால் நாலாக வெட்டி, திகதி தெரியும் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகவே என்னைப் பற்றி மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். நிரந்தர நியமனக் கடிதத்தில் "செல்லசாமி பூரணி" என்று இருக்கும். கையெழுத்துப் போடும்போது பின்பாதியை மட்டும் பார்க்கவும்.