பத்தாவது வண்டி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பத்து வண்டிகள் வேண்டும். ஒற்று சாரிடம் ஒன்பதுதான் இருந்தன.

அவர் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவர். 'வாங்கி கொடுத்தான்' என்று யாராவது எழுதிவிட்டால், நடுவில் ஒரு 'க்' போடும்வரை அவருக்கு மூச்சு சீராக வராது. அதனால் வந்த பெயர்தான் ஒற்று சார். அடுத்தவர் எழுதியதில் கை வைத்தே காலம் ஓடிவிட்டது. சொந்தமாக ஒரு வரிகூட எழுதியதில்லை.

அந்த வாரம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் வேறொருவரின் வயிறு. ஞாயிறு மலருக்காக நகரத்தின் தெருவோர உணவு வண்டிகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய நிருபர், மூன்றாவது வண்டியோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஆசிரியர் ஒற்று சாரைக் கூப்பிட்டு, நாலு நாளில் பத்து வண்டி, எல்லாவற்றிலும் சாப்பிட்டுப் பார்த்து எழுத வேண்டும் என்றார். தனக்கு வயிற்றுப்புண், பல வருடமாகப் பாலும் ரொட்டியும்தான் ஆகாரம் என்று சொல்ல ஒற்று சார் வாயெடுத்தார். அதற்குள், இது நல்லபடியாக வந்தால் அவரைத் துணை ஆசிரியர் ஆக்குவதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். எடுத்த வாய் தானாக மூடிக்கொண்டது.

வழி காட்டியவன் மச்சினன், மனைவியின் தம்பி. பார்சல் வேன் ஓட்டுகிறவன். தட்டில் என்ன விழுந்தாலும் ஏன் என்று கேட்காதவன். அவன் சாப்பிடுவது, அவர் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பது என்று முடிவாயிற்று.

ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. மச்சினனிடம் இருந்த சொல் ஒன்றே ஒன்றுதான்.

"காரமா இருக்கா?"

"சூப்பர் மாமா."

"புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"அதுவும் சூப்பர்."

கண்ணில் தண்ணீர் வந்தால் காரம், கண்ணை மூடினால் இனிப்பு, கடைக்காரனை ஏறிட்டுப் பார்த்தால் உப்பு அதிகம் என்று ஒற்று சாரே பொருள் எடுத்துக்கொண்டார். ரயில் நிலையத்துக்கு எதிரே அண்ணன் தம்பி இருவர் நடத்தும் வண்டி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணனிடம் ரொட்டி வாங்கிக்கொண்டு, மறுபக்கம் போய்த் தம்பியிடம் குழம்பு வாங்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் பின்னால் மீன் வறுக்கிறவர், வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே எண்ணெயில் வறுத்துக் கொடுத்தார். இப்படி வியாழக்கிழமைக்குள் ஒன்பது முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மச்சினன் எழுந்திருக்கவில்லை.

"மாமா, என்னை வெட்டிப் போட்டாலும் பத்தாவது என்னால ஆகாது" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாலை நாலரைக்கு ஒற்று சார் பேனாவைத் திறந்தார். கிடங்குச் சந்து என்ற இடத்தை வரி விளம்பரங்களில் அடிக்கடி திருத்தியிருக்கிறார். 'கிடங்கு சந்து' என்றுதான் எப்போதும் வரும். நகரத்தின் கோடியில் இருந்ததால் யாரும் போகமாட்டார்கள் என்று அதைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு நீல வண்டியை நிறுத்தினார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரே ஒரு அம்மா. வாய் திறந்து பேசமாட்டார். ஒரே ஒரு பண்டம். சுட்ட ரொட்டிக்குள் மசித்த காய்கறி, மேலே ஒரு கரண்டி குழம்பு. என்ன வேண்டும் என்று அவர் கேட்பதில்லை, போதுமா என்றும் கேட்பதில்லை. பசி தெரிந்து போடுவார்.

ஒன்பது வண்டிகளை மச்சினனின் வயிறு எழுதியது. பத்தாவதை ஒற்று சார் எழுதினார். முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தபோது அவருக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

ஞாயிற்றுக்கிழமை வெளியாயிற்று. திங்கட்கிழமை தொலைபேசி அடங்கவில்லை. ஒன்பது வண்டிகளைப் பற்றி ஒரு பிராணியும் கேட்கவில்லை. எல்லாரும் நீல வண்டியைத்தான் கேட்டார்கள். ராத்திரி போனோம், காணோமே என்றார்கள் சிலர். அவர்களால் ஒற்று சாருக்குச் சங்கடம் இல்லை. அங்கே சாப்பிட்டு வந்ததாகச் சொன்னவர்கள்தான் அவரைக் கலக்கினார்கள். ஒரு வங்கிக் காசாளர், கேட்காமலே இரண்டாவது ரொட்டி விழுந்தது, தொண்டை அடைத்துவிட்டது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

மனிதர்கள் இப்படியுமா கூசாமல் புளுகுவார்கள் என்று ஒற்று சாருக்கு வெறுத்துப்போயிற்று. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. காசாளரின் கடிதத்தில் ஏழு ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் கீழே வைத்தார்.

விஷயத்தை அதோடு அமுக்கிவிட நினைத்து, அடுத்த ஞாயிறு ஒரு சிறு குறிப்பு எழுதினார். நீல வண்டிக்கு நேரம் காலம் கிடையாது, வாசகர்கள் அலைய வேண்டாம் என்று. அலைய வேண்டாம் என்று அச்சில் வந்ததும் அலைகிறவர்கள் இரண்டு மடங்கானார்கள். கிடங்குச் சந்துக்குத் தனியாக ஒரு பஸ் விடலாமே என்று ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார்.

அதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார். மூன்றாவது ஞாயிறு, அந்த அம்மா மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய்விட்டார், மூன்று மாதத்துக்கு வண்டி வராது என்று எழுதினார். இனி நிம்மதி என்று அன்று இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை முதல் அலுவலகத்துக்குக் குழந்தைச் சட்டைகள் வர ஆரம்பித்தன. கம்பளிக் குல்லாய், கிலுகிலுப்பை, பிள்ளை பெற்றவளுக்கு என்று லேகியம். வெள்ளிக்கிழமை ஒரு தொட்டில் வந்தது. அதை அவருடைய மேஜைக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள். வேறு இடம் இல்லை. ஆணா பெண்ணா என்று அலுவலகத்தில் பாதிப் பேர் அவரைக் கேட்டார்கள். காசாளரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. நேற்று சாப்பிடும்போது மகளைப் பற்றி விசாரித்ததாகவும், அம்மா முறைத்துவிட்டுக் குழம்பைக் குறைத்து ஊற்றியதாகவும் வருத்தப்பட்டிருந்தார். ஊரில் இல்லை என்று எழுதிய பிறகும் இந்த ஆளுக்குப் புளுகு நிற்கவில்லையே என்று ஒற்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

தொட்டிலைப் பார்த்துவிட்டுப் பத்திரிகை முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். நகரத்தின் சிறந்த தெருவோரச் சமையலுக்கு ஒரு கேடயம் கொடுப்பது. விளையாட்டு மைதானத்தில் விழா. நீல வண்டி அம்மாவை எங்கிருந்தாலும் வரவழைப்பது. வரவழைக்கிற வேலை யாருடையது என்பதில் ஆசிரியருக்குச் சந்தேகமே இல்லை.

"சனிக்கிழமை வண்டியோட கூட்டிட்டு வந்துடுங்க. வர முடியலன்னா, ஏன்னு முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது ஒற்று சார் மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வேலை போய்விடும் என்று சொல்லி, ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி கோபப்படவில்லை. பாலை ஆற்றி அவர் முன்னால் வைத்தார்.

"இருபது வருஷமா நான் சமைச்சுப் போடறேன். அதைப் பத்தி ஒரு வார்த்தை வந்ததில்ல. இல்லாத ஒரு பொம்பளையோட குழம்பைப் பத்தி ஒரு பக்கம் வந்திருக்கு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் தம்பியைக் கூப்பிட்டு, வேனை எடுத்துக்கொண்டு வரும்போது நீலப் பெயின்ட் நாலு டப்பாவும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

சமைப்பதற்கு ஒற்று சாரின் அக்கா கிடைத்தார். மாணவர் விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவர். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. தொல்லை என்னவென்றால், தூக்கத்தில்கூட அக்காவின் வாய் ஓயாது.

"டேய், நான் பேசாம இருக்கணுமா? எவ்வளவு நேரம்?"

"ரெண்டே மணி நேரம்க்கா. என் பொழைப்பு உன் வாயிலதான் இருக்கு."

அக்கா யோசித்தார். அந்த இரண்டு மணி நேரப் பேச்சை முன்னாலேயே பேசித் தீர்த்துவிடுவதாக ஒப்புக்கொண்டு, விழா நாளன்று விடிந்ததிலிருந்து மைதானத்தின் வாசல் வரும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார். வேனை ஓட்டிய மச்சினன் இறங்கும்போது தள்ளாடினான்.

மைதானத்தில் ஊரே திரண்டிருந்தது. நீல வேனைப் பார்த்ததும் கைதட்டல் எழுந்தது. அக்கா ரொட்டியைச் சுட்டார், மசித்த காய்கறியை வைத்தார், குழம்பை ஊற்றினார். வாய் திறக்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் உப்பு கொஞ்சம் கம்மி என்றபோது அக்காவின் முகம் சிவந்து உதடு பிரிந்தது. பக்கத்தில் நின்ற ஒற்று சாரின் மனைவி ஒரு துண்டு ரொட்டியை அந்த வாயில் திணித்து நிலைமையைக் காப்பாற்றினார்.

காசாளரும் வந்திருந்தார். தானே பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கை மாறியிருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். இவ்வளவு துணிச்சலான புளுகனை ஒற்று சார் அதுவரை நேரில் கண்டதில்லை. கிட்டத்தட்ட மரியாதையே வந்துவிட்டது.

முதலாளி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மேடையில் கேடயத்தைக் கொடுத்தபோது அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஒன்றேகால் மணி நேரப் பேச்சு உள்ளே அடைபட்ட வேதனை அது. கூட்டத்துக்கு அது தெரியாது. பெண்கள் பலர் சேர்ந்து அழுதார்கள். அதே மேடையில், ஒற்று சார் இனித் துணை ஆசிரியர் என்று முதலாளி அறிவித்தார். ஒற்று சார் கீழே பார்த்தார். மனைவி கைதட்டிக்கொண்டிருந்தார். வெகு நாளைக்குப் பிறகு அவருக்கு வயிறு எரியவில்லை.

மேடையை விட்டு இறங்கியபோது நீல வேனுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். நடுத்தர வயது, தொந்தியும் தணிந்த குரலும். இந்த வண்டிக்கு யார் பொறுப்பு என்று விசாரித்தார். ஆசிரியரும் ஒற்று சாரும் முன்னால் போனார்கள்.

ஒரு புகார் வந்திருப்பதாகப் போலீஸ்காரர் சொன்னார். யாரோ ஒரு வேனுக்கு நீலப் பெயின்ட் அடித்து, இன்னொருத்தர் வண்டி என்று சொல்லிக் கேடயம் வாங்குகிறார்களாம். புகார் கொடுத்தவர் வாசலில் காத்திருக்கிறாராம்.

கூட்டத்தில் கேடயத்துக்கு ஆசைப்பட்டு எவளோ கிளம்பிவிட்டாள் என்று ஒற்று சாருக்குப் புரிந்தது. ஒரு மாதத்துக்கு முந்தைய ஒற்று சாராக இருந்தால் நடுங்கியிருப்பார். இப்போது துணை ஆசிரியர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அவங்க பொய் சொல்றாங்க. நீல வண்டியைப் பத்தி முதல்ல எழுதினவனே நான்தான். இதைத் தவிர இன்னொன்னு இருக்க முடியாதுங்க. அது எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது."

அதை எழுதியவர் இவர்தான் என்றதும் போலீஸ்காரர் சட்டென்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு பணிவு வந்தது.

"என்ன சார் நீங்களே இப்படிச் சொல்றீங்க? பதினோரு வருஷமா கிடங்குச் சந்துல அந்த அம்மா கையாலதான் நான் மத்தியானம் சாப்பிடறேன். நீங்க முதல்ல எழுதினதுல ஒரு தப்புகூட இல்லையே."