விடுபட்ட புள்ளிகள்

பெயிண்டருக்கு இடது கை விரல் நுனி நான்கும் திகுதிகுவென்று எரிந்தன. காலமெல்லாம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்த கை. பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் வேகாத தோல், கிட்டார் கம்பியில் வெந்துவிட்டது.

மகள் கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போனவள், பெயிண்டரிடம் பேசுவதே இல்லை. "விடிஞ்சா அடைஞ்சா ஒரே ஸ்கேல டொய்ங் டொய்ங்னு... இது வாசிப்பா, வயித்துவலியா?" என்று அவர் கத்தியதுதான் காரணம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதே ஸ்கேலை வாசித்துக் காட்டினால் அவளுக்குப் புரியாதா? அவள் அறையில் தொங்கிய கிட்டாரை எடுத்தார். மனைவி மாலை ஷிஃப்டுக்குத் துணிக் கம்பெனிக்குப் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்துப் பழகினார்.

ஒரே ஸ்கேல்தான், ஒரே சுர வரிசை. ஆனால் கிட்டாரின் கழுத்து நெடுக ஐந்து இடங்களில் உட்காருகிறது. இடத்துக்கு இடம் விரல் வேறு. முதல் இடம் பிடிபட்டது. அடுத்ததற்கு நகர்ந்தால் வழி தவறியது.

மகள் ஞாயிறன்று வருகிறாள் என்று மனைவி சொன்னதும் பதறிப்போய், சனி மாலை கிட்டாரைத் தான் வேலை செய்யும் லாரி ஷெட்டுக்கே தூக்கிப் போனார்.

"இங்க பாரு, கழுத்துல மூணாங் கட்டத்துல புள்ளி இருக்கு, நாலுல இல்ல. அஞ்சுல இருக்கு, ஆறுல இல்ல. எவனோ வேலையப் பாதியில போட்டுட்டுப் போயிருக்கான்," என்றார் கூட வேலை செய்யும் வெல்டரிடம்.

விடுபட்ட கட்டத்துக்கெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்து முடித்தார். வாசித்தால், ஐந்தாம் கட்டம் எது, ஏழு எது என்றே தெரியவில்லை.

"அட மனுஷா! தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே நம்பரப் போட்டுட்டியே!" வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

தின்னர் போட்டுத் துடைத்தார். பழைய புள்ளிகளும் சேர்ந்து போயின, மேல்பூச்சும் போனது. திட்டுத்திட்டாகத் தெரிந்ததை உப்புத்தாளால் தேய்த்தார். கட்டங்களின் மேடும் தேய்ந்து, மீட்டினால் கம்பி வண்டு மாதிரி இரைந்தது.

"இதோட விட்டுடு. கெஞ்சிக் கேக்கறேன்."

"ஒரே ஒரு கோட்டிங்."

லாரிக்கு அடிக்கும் கறுப்பு கழுத்து முழுக்கப் பளபளத்தது.

ஞாயிறு காலை மகள் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். பெயிண்டர் கிட்டாரை மடியில் வைத்தார். பார்த்து வாசிக்க அதில் அடையாளமே இல்லை. விரல்கள் தடவித் தடவி வழி தேடின. முதல் இடம். இரண்டு. மூன்றில் தடுமாறி, நின்றார்.

"இவ்வளவு கஷ்டம்னு தெரியாதும்மா. அன்னைக்கு அப்பா பேசினது தப்பு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவதுல சுண்டுவிரல நீட்டணும்ப்பா. இருங்க, காட்டறேன்."

வாசலில் வைத்திருந்த பையைத் திறந்து தன் கிட்டாரை எடுத்தாள்.

பெயிண்டர் அதைப் பார்த்தார். தன் மடியைப் பார்த்தார். "அப்ப... இது?"

அடுப்படியிலிருந்து வந்த மனைவி அந்தக் கறுப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க வேலைக்குப் போனப்புறம் காலையில நான் கத்துக்கிற கிட்டாருங்க அது. அவகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு, என்கிட்ட கேக்க வேண்டியது பாக்கி இருக்கு."