இடுப்பு ஏலம்

முதியோர் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்று உலகமே விழி பிதுங்கி நிற்க, மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம் அதை ஒரே காலையில் தீர்த்துவிட்டது. தீர்த்தவன் அடியேன், பெயர் அரசு. கரையில் மீன் ஏலம் விடுபவன்.

அப்பா நீலமேகத்துக்கு எழுபத்திரண்டு வயது. ஏலக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இனி நடக்கவே மாட்டார், செலவு இரண்டு லட்சம் என்றார்கள் மருத்துவமனையில். உடனே எங்கள் வீட்டில் 'முதியோர் நலநிதி மாநாடு' கூடியது. அப்பா கட்டிலில் படுத்தபடி தலைமை தாங்கினார். பாதியில் எழுந்து போகாத தலைவர் கிடைப்பது அபூர்வம்.

மறைமலைநகர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி உலகநாதன் முதல் 'அறிக்கை' வாசித்தான்.

"கம்பெனில இன்சூரன்ஸ் கீது அண்ணாத்த. ஆனா அப்பா அம்மா, இல்லாங்காட்டி மாமனார் மாமியார், ஒரு ஜோடிதான் போட முடியும். என் பொஞ்சாதிதான் ஃபாரம் எழுதிச்சி."

"யாரப் போட்டுச்சி?"

"அவங்கப்பாவுக்கு சுகரு கீது இல்ல?"

தங்கை பரிமளா கருங்குழியிலிருந்து போனில் கலந்துகொண்டாள். ஆப்பிள் வாங்கி வருவதாகச் சொன்னது தெளிவாகக் கேட்டது. தொகை என்றதும் சிக்னல் போய்விட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாக முறை ஏலம். யார் எவ்வளவு தருவது என்று விட்டேன். தம்பி இருபதாயிரம் என்றான். நான் பதினைந்து என்றேன். அவன் யோசித்துப் பத்துக்கு வந்தான்.

"கொறச்சிகினே போறது இன்னா ஏலம்டா?" என்றார் தலைவர். நாற்பது வருடம் ஏலம் விட்டவர். இடுப்பு வலியைவிட இந்த வலி பெரிதாக இருந்தது அவருக்கு.

அப்போது டீயோடு வந்தாள் அம்மா ஆதியம்மாள். திருக்கழுக்குன்றம் வரை கூடை சுமந்து மீன் விற்பவள். ஏலக் குரல் கேட்டால் அவளால் சும்மா நிற்க முடியாது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முழுசும் என்க்கு."

எங்கள் கரையில் மூன்று தரம் சொல்லிவிட்டால் யாரும் மாற்ற முடியாது. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக மூன்று தரம் சொன்னதேயில்லை.

அம்மாவின் சங்கிலியும் மகளிர் குழுக் கடனும் சேர்ந்ததில் அப்பா இன்று ஜம்மென்று நடக்கிறார். முதியோர் செலவை முதியோரே ஏற்கும் எங்கள் 'திட்டம்' மகத்தான வெற்றி. கடனை அடைக்க அம்மா இப்போது இரண்டு நடை கூடை தூக்குகிறாள். அதில் முழங்கால் தேய்ந்துவிட்டதாம், மாற்ற வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது மாநாடு. தம்பி கலங்கிவிட்டான்.

"இந்த வாட்டி யாரு ஏலம் எடுப்பாங்க அண்ணாத்த?"

"இன்னாத்துக்குடா பேஜாரு? அப்பாதான் நல்லா நடக்குறாரே. அவருக்கும் ஒரு கூடை வாங்கிக் குடுத்தா போச்சி."