பெரிய கிளாக்கரை அடக்கம் செய்த விபரம்

மாத்தளை,
2007 செப்ரெம்பர்.

பெருமதிப்புக்குரிய அத்தான் மகாலிங்கம் அவர்களுக்கு,

மைத்துனன் ஸ்ரீஸ்கந்தராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மனைவி சுசீலாதேவியும் முத்துமாரியம்மன் கிருபையால் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். நலம் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இப்போது என்ன பொருள் என்று தெரியாததால், உயிரோடிருக்கிறோம் என்று திருத்தி வாசிக்கவும். எனக்கு வயிறு சரியில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. திருகோணமலையில் தாங்களும் மீனாம்பிகை அக்காவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

தங்கள் கடிதம் கிடைத்தது. அக்கா இன்னும் ஒவ்வொரு நாளும் மாத்தளை பஸ் வரும் நேரம் பார்த்து பஸ் நிலையத்துக்குப் போய், இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார் என்றும், அங்கே காவல் நிற்கிறவர்கள் அதட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மகன் காண்டீபன் இனி வரமாட்டான் என்று அவருக்குப் புரியும்படி பக்குவமாக ஒரு கடிதம் எழுதச் சொன்னீர்கள். தர்ப்பையில் உருவம் செய்து எரித்து அந்திரட்டிக் கிரியையும் செய்துவிடலாம் என்று ஐயர் நாள் குறித்துவிட்டார், தாய் சம்மதித்தால் போதும், தம்பி சொன்னால் கேட்பார் என்றீர்கள். நான் காலமெல்லாம் அரசாங்கக் கச்சேரியில் கடிதம் எழுதியே பென்சன் எடுத்தவன். தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று எத்தனையோ பேருக்குப் பக்குவமாக எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு எழுத வரவில்லை. ஆகையால் நண்டைப் பற்றி எழுதுகிறேன். அதைக் கேட்டால் அவருக்கு விளங்கும். வாசித்துக் காட்டவும்.

காண்டீபன் எங்களோடு தங்கி இங்கே வாசனைத் திரவியக் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், போன வருடம் வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குப் போனான். சைவப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "கச்சான் கடலை வாங்கப் போறன் மாமா" என்றான். கச்சான் வாங்கப் போனவன் ஒரு பிளாஸ்ரிக் டப்பாவில் இரண்டு சங்கு நண்டுகளை வாங்கிக்கொண்டு வந்தான். தாங்கள் அறிவீர்கள், செத்த சங்குக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, வீட்டையும் இழுத்துக்கொண்டு திரிகிற சாதி. உங்கள் ஊர்க் கடற்கரையில் கேட்பாரற்று ஓடித் திரிகிறதை மலைநாட்டுக்கு வந்து காசு கொடுத்து வாங்கியவன் உங்கள் மகன் ஒருவன்தான். ஆளைக் கண்டவுடன் உள்ளே போய்க் கொடுக்கால் கதவைச் சாத்துவதால், பெரியதற்குப் 'பெரிய கிளாக்கர்' என்று என் பழைய உத்தியோகத்தையே பெயராக வைத்தான். சிறியது பியோன். நான் கோபித்தேன். சுசீலா இரண்டு நாள் சிரித்தாள். குழாய்த் தண்ணீர் ஆகாது, கறியுப்பு ஆகாது, ஈரமணலும் கடல் தண்ணீரும்தான் வேண்டும் என்று சொல்லி, ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ஒரு போத்தல் கடல் தண்ணீர் கொண்டு வருவான்.

இந்த வருடம் பங்குனியில் ஒரு காலை, வேலைக்குப் போனவனை இலக்கத்தகடு இல்லாத வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் தங்களுக்குத் தெரியும். எங்கெல்லாம் போனோம், யார் காலிலெல்லாம் விழுந்தோம் என்று மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த அலைச்சலில் நண்டை யாரும் நினைக்கவில்லை. ஒரு நாள் பியோன் செத்தது. "என்ன சேர், கருவாடு பொரிக்கிறீங்களா? எங்கட வீட்டுக்கும் மணக்குது" என்று பக்கத்து வீட்டு றம்லா வந்து கேட்ட பிறகுதான் நண்டுகள் கிடந்த மணல் சட்டியைப் பார்த்தோம். அன்றைக்கு எனக்கு ஒரு வெறி பிடித்தது. அவன் திரும்பி வந்து நண்டு எங்கே மாமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒன்றையாவது உயிரோடு கையில் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆடியில் அக்காவைப் பார்க்க வந்தேனே, திரும்பும்போது பையில் என்ன கனக்கிறது என்று கேட்டீர்கள், மருந்து என்றேன். அது கடல் தண்ணீர். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். போத்தலைக் கண்ட ஆமிக்காரப் பொடியன் என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். தண்ணீர் என்றேன். குடி என்றான். குண்டுக்குப் போடும் திராவகமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வது அவர்கள் வழக்கம். இது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று என் கச்சேரிச் சிங்களத்தில் விளக்கினேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் தோளில் கிடந்த துவக்கு என் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது. நண்டுக்கு என்றேன். நண்டு எங்கே? மாத்தளையில். மாத்தளையில் கடல் எங்கே? இல்லாதபடியால்தானே, மாத்தயா, போத்தலில் கொண்டு போகிறேன் என்றேன். அத்தான், நான் உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. கடைசியில் குடித்தேன். ஒரு வாய் போதாது, இன்னும் குடி என்றான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள், நான் இரண்டையும் ஒன்றாகக் குடித்தேன். பஸ்ஸில் சனம் சிரித்தது. அன்றிலிருந்து வயிறு பழைய வயிறு இல்லை. அந்தப் பொடியனுக்கும் காண்டீபனின் வயதுதான் இருக்கும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பது பழமொழி. எங்களுடையது நிறம் மங்கி, சாம்பல் பூத்து, தின்னாமல் சுருண்டு கிடந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். நல்ல மனிதர். மாடு, ஆடு, கோழி என்று அவருடைய படிப்பில் எதிலும் அது அடங்கவில்லை. சங்கைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார். பிறகு, "மாத்தயா, இது வளர்க்கவா, கறிக்கா?" என்று கேட்டார். வளர்க்க என்றேன். "கறிக்கென்றால் தாமதிக்க வேண்டாம்" என்றார்.

வைத்தியரிடம் போய் வந்த மறுநாள் நண்டு மணலைக் கிண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. நான் விடவில்லை. ஒவ்வொரு காலையும் மிச்சக் கடல் தண்ணீரைத் துளித்துளியாக மணலில் தெளித்து, தின்னத் தேங்காய்ச் சொட்டு ஒன்றும் வைத்து, கிளாக்கர், கிளாக்கர் என்று கூப்பிட்டேன். "நண்டோட கதைக்கிறதை வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ, பென்சனை நிப்பாட்டிப்போடுவாங்கள்" என்றாள் சுசீலா. அக்கா பஸ்ஸுக்குப் போய் நிற்கிறது போலத்தான் நானும் நின்றேன்.

போன மாதம் பொறுக்க முடியாமல் கரண்டியால் கிண்டினேன். மேலாகவே கிடந்தது உடம்பு. கொடுக்கு, கால்கள், மீசை, தண்டோடு கண் இரண்டும், ஒன்றும் குறைவில்லை. கையில் எடுத்தால் எடையே இல்லை. பட்டினி கிடந்து உள்ளே எல்லாம் வற்றிவிட்டது என்று நினைத்தேன். சங்கைத் தேடவில்லை. ஆள் போனபின் வீடு எதற்கு? ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, பின்வளவில் சாதிக்காய் மரத்தின் கீழே புதைத்துக் கற்பூரம் கொளுத்தினேன். சுசீலா வந்து பார்த்துவிட்டு, "பியோன் செத்ததுக்கு ஊரே மணத்தது. இது மணக்கேல்லையே அப்பா" என்றாள். செத்த வீட்டில் நியாயம் பேசாதே என்று அதட்டினேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், பங்குனிக்குப் பிறகு அன்றுதான் நன்றாக அழுதேன். அதன் பிறகு ஒரு நிம்மதி வந்தது. சாப்பிட்டேன்.

அக்கா, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பல்லேபொலப் பக்கம் வாய்க்கால் கரையில் கிடந்த அவனுடைய சட்டையையும், அதன் பையில் இருந்த அடையாள அட்டையையும் நான்தான் போய் அடையாளம் காட்டினேன். பார்த்ததை நம்ப வேண்டும். நம்பாமல் நிற்கிற ஒவ்வொரு நாளும் உங்களைத் தின்கிறது. ஐயர் குறித்த நாளில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஒரு தரம் நன்றாக அழுதுவிட்டு, ஒரு பிடி சோறு சாப்பிடுங்கள். இனி பஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். நானும் சுசீலாவும் கிரியைக்கு வருகிறோம்.

அத்தான், தங்கள் இருவருக்கும் அம்மன் துணை நிற்கட்டும். இதுவரை ஏன் நிற்கவில்லை என்று நான் அவளிடம் வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
ச. ஸ்ரீஸ்கந்தராஜா

பி.கு.: முத்திரை ஒட்டுமுன் தேத்தண்ணிக்கு எழும்பினேன். குசினியில் அடுப்படியில் நின்ற சுசீலா கத்தினாள். பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடினேன். மணல் சட்டியைக் கொட்டச் சோம்பல்பட்டு மூலையில் வைத்திருந்தோம். சட்டியின் விளிம்பிலிருந்து இறங்கி, துருவின தேங்காய்ப்பூவைத் தின்றுகொண்டு நிற்கிறது அதே சங்கு. உள்ளே பெரிய கிளாக்கர், இளஞ்சிவப்பாக, முன்னையிலும் கொழுத்து. பழைய தோலை மேலே கழற்றிவிட்டு, புதுத் தோல் இறுகும்வரை அடியில் கிடந்திருக்கிறது. நான் கற்பூரம் கொளுத்தியது வெறும் தோலுக்கு. "மணக்கேல்லை எண்டு அப்பவே சொன்னனான்" என்று சுசீலா நிலத்தில் குந்தியிருந்து அழுகிறாள்.

நண்டு வேறு, பிள்ளை வேறு. அது எனக்கும் தெரியும். கொண்டுபோனவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் தெரியும். ஆனால் நான் கண், கால், கொடுக்கு என்று முழு உடம்பையும் கையில் எடுத்துப் பார்த்தபிறகும் பிழைவிட்டிருக்கிறேன். பிள்ளைக்கு எங்களிடம் காட்டியது ஒரு சட்டை. ஐயரிடம் நாளைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மேலே உள்ளதை அக்காவுக்கு வாசிக்க வேண்டாம். அவரைக் கூட்டிக்கொண்டு நீங்களும் இங்கே வாருங்கள். மாத்தளையிலும் ஒரு பஸ் நிலையம் இருக்கிறது, நாலு பேருமாகப் போய் நிற்போம். வரும்போது இரண்டு போத்தல் கடல் தண்ணீர் கொண்டு வரவும். ஒன்று நண்டுக்கு. மற்றது வழியில் நீங்கள் குடிக்க.