வாசலில் வளர்த்த பேய்மிரட்டி

படித்த முட்டாளை வீட்டில் வைத்துக்கொண்டு யாரையும் பெண் பார்க்கக் கூப்பிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த முட்டாள் நான்தான். பலியானது என் தங்கை மலர்.

தாவரவியலில் பட்டம் வாங்கிய புதிது. நம் மண்ணின் காட்டுப்பூக்களை வீட்டுக்கு வீடு வளர்க்கவைத்து நாட்டைத் திருத்தக் கிளம்பியிருந்தேன் (நாடு என்னிடம் கேட்கவில்லை). கல்வராயன் மலையிலிருந்து பேய்மிரட்டி நாற்றுகளைக் கொண்டுவந்து, நைனார்பாளையத்தில் எங்கள் வாசலின் இரண்டு பக்கமும் நட்டேன். ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும் செடி. ஆள் உயரம் வளர்ந்து ஊதாப்பூ பூத்தது. பேய் பிடித்தவர்கள் இருக்கும் வீட்டில்தான் அதன் இலையைத் திரித்து விளக்கேற்றுவார்கள் என்று ஊரே சொன்னது. மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டேன்.

பக்கத்து ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் மலரும் கள்ளக்குறிச்சிக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாங்க இது, வாசல்ல பேய்மிரட்டி வளத்துக்கினு இருக்கீங்க?”

“அழகுக்குங்க,” என்றார் அப்பா.

அத்தோடு விட்டிருக்கலாம். பச்சை இலையே திரியாக எரியும் என்ற அதிசயத்தை அவர்களுக்கு விளக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஓர் இலையைப் பறித்து, திரித்து, எண்ணெயில் நனைத்து, கூடத்து விளக்கில் ஏற்றியே காட்டினேன்.

நன்றாகத்தான் எரிந்தது. புகை மட்டும் நேராக, காபித் தட்டோடு வந்த மலரின் முகத்துக்குப் போனது. இருமினாள். கண் சிவந்தது. தலையை உதறினாள். தட்டு சரிந்து காபி மாப்பிள்ளையின் மடியில் கொட்டியது. நானோ திரியையே பார்த்துக்கொண்டு, “பாத்தீங்களா, எவ்ளோ நல்லா வேலை செய்யுது!” என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எத்தினி நாளா இருக்குதுங்க பொண்ணுக்கு?” (பரிதாபப்பட்டுத்தான் கேட்டார்.)

யார் என்ன சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. அதற்குப் பிறகு வந்த வரன்களெல்லாம் டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பின. மலர் அந்த பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸுக்கு மாறிக்கொண்டாள்.

செடியைப் பிடுங்கப் போனேன். மலர்தான் தடுத்தாள். “அது இன்னா பண்ணுச்சி, வுடுண்ணா.”

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்றும் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பூவைப் பற்றிக் கேட்டால் என்னைக் கைகாட்டுவாள்.

“எங்கண்ணன் வச்சதுங்க. நல்லா வேலை செய்யுது. பேயும் வரல, மாப்ளயும் வரல.”

வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். எனக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து வெளியே ஏதாவது வேலை இருக்கும்.