பாய்லர் அண்ணே நம்பர் சொன்னால்

பாய்லர் அண்ணே செத்துப்போய்விட்டார் என்பது எங்கள் காம்பவுண்டில் இருந்த எட்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணமான கையோடு நானும் செல்வியும் அந்தக் காம்பவுண்டில் அஞ்சாம் நம்பர் வீட்டுக்குக் குடிபோனோம். சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் நம்பர் முத்துமாரி அக்கா வந்து நின்றாள். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள். குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொன்னாள்.

"தம்பி, மாடிப்படிக்குக் கீழ ஒருத்தரு இருக்காரு. மில்லுல பாய்லர் வெடிச்சப்பவே போய்ச் சேந்துட்டாரு. ஏதோ பழக்கத்துல நடமாடிக்கிட்டு இருக்காரு. எதுத்தாப்ல வந்தா வழி விட்டுருங்க."

"யாருக்கா சொன்னா?"

"இதை யாரு சொல்லணும்? பாத்தாலே தெரியும்ல."

பார்த்தேன், தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரின் நிறத்தில் ஒரு நெட்டையான மனிதர். மதுரைச் சித்திரை வெயிலில் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. கூரியர்காரரைத் தெருமுனை வரை துரத்துகிற எங்கள் தெரு நாய்கள் அவரைக் கண்டால் வாலை மடக்கிக்கொண்டு சாக்கடை ஓரம் ஒதுங்கும். நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்போம், பிடரியில் ஜில்லென்று ஏதோ படுகிற மாதிரி இருக்கும், திரும்பினால் ஒரு முழம் தள்ளி அவர் நின்றுகொண்டிருப்பார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அவருடைய அறைக்கு நம்பர் இல்லை, பல்பு இல்லை, ஃபேனும் இல்லை. நடுப்பகலில் கதவைத் திறந்துபோட்டு அந்த இருட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

சமயநல்லூர் போகிற ரோட்டில் அந்தக் காலத்தில் ஒரு நூல் மில் இருந்தது. அதில் இருபது வருஷம் பாய்லர் பார்த்தவர். பாய்லர் வெடித்தது நிஜம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் போனதும் நிஜம். மில்லை மூடிய பிறகு அவர் இங்கே வந்து சேர்ந்தார். பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. செத்தவரிடம் போய்ப் பேர் கேட்பார்களா?

குடிபோன மூன்றாம் நாள் காலையில் அவர் எங்கள் வாசலில் நின்றார். கண்கள் மூடியிருந்தன.

"மாப்ள, உங்க குக்கருக்கு கேஸ்கட் மாத்தணும். இடது பக்கமா ஆவி போகுது. ரெண்டு டம்ளர் அரிசிக்கு இம்புட்டுத் தண்ணி வேணாம். கொஞ்சம் பருப்பும் போட்ருக்கீக."

செல்வி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டு சுவர். அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குச் செல்வி குக்கரைத் துணி போட்டு மூடி வைத்தாள், ஏதோ அவர் அதற்குள்ளிருந்து எழுந்து வருவார் என்பது போல.

காலை ஏழரை மணிதான் அந்தக் காம்பவுண்டின் பேய் நேரம். எட்டு வீட்டிலும் குக்கர் ஏறியிருக்கும். பாய்லர் அண்ணே குழாயடியில் வந்து நின்று, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். ஒரு வீட்டில் விசில் வந்தால் ஒரு விரல் நிமிரும். அடுத்த வீட்டில் வந்தால் அடுத்த விரல். அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். குழந்தை அழுதால் வாயைப் பொத்துவார்கள். எட்டு விரல் நிமிர்ந்துவிட்டால் அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார், காம்பவுண்டு முழுக்க மூச்சு விடும். சில நாள் மட்டும் விரல் ஏழோடு நின்றுவிடும். அப்போது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வரும்.

"ஆறாம்... நம்பர்."

அவர் வாயில் ஒரு நம்பர் வந்தால் அந்த வீட்டில் வருமானம் நின்றுபோகும் என்பது காம்பவுண்டின் நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் வைத்திருந்தார்கள். நம்பர் விழுந்த வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. சாவு விழுந்த துட்டி வீட்டுக்குச் செய்வது போல மற்ற வீட்டுக்காரர்கள்தான் சோறும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாய்லர் அண்ணே அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் பங்குக்கு ஒரு தட்டுச் சாப்பிடுவார். அது அவருக்குப் படைப்பதாகக் கணக்கு. நம்பர் திரும்ப விழாத நாள் வரை இது நடக்கும்.

ஆறாம் நம்பரில் இருந்தவர் பெயிண்டர். அவர் வீட்டுக்கு நம்பர் விழுந்தது நல்ல ஐப்பசி மழை நேரம், சுவர் காயாததால் பத்து நாளாக அவரை யாரும் கூப்பிடவில்லை. நம்பரைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் கண்ணில் நீர் கட்டிவிட்டது என்று நினைத்தேன். "படிக்காத சனங்க, மழை பெஞ்சா வேலை இருக்காது, இதுக்குப் பேய் எதுக்கு?" என்று செல்வியிடம் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன், அதனால் எனக்கு உலகம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

அடுத்த ஆடி எனக்கு உலகத்தைக் காட்டியது. ஆடியில் கல்யாணம் கிடையாது. சேர்த்து வைத்ததில் சமாளிக்கலாம் என்றிருந்தவனுக்கு ஆனியின் கடைசி இரண்டு கல்யாணமும் தள்ளிப்போயின. கேமராவும் ரிப்பேருக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஒரு திங்கட்கிழமை காலை அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள், தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"முத்துமாரி அக்காட்ட ஒரு டம்ளர் கேக்கட்டாங்க?"

"வேணாம். அவ தங்கச்சியைத் திருவாதவூர்லதான குடுத்துருக்கு? சாயங்காலத்துக்குள்ள உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சுரும்."

மாமனார் திருவாதவூரில் வயல் உள்ளவர். வீடியோ எடுக்கிறவனுக்கு என்ன நிரந்தரம் என்று கேட்டு, மகள் பிடிவாதத்துக்காகக் கட்டிக்கொடுத்தவர். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பட்டினி என்று காதில் விழுந்தால் அன்றைக்கே வந்து கூட்டிப்போய்விடுவார். அப்புறம் அனுப்புவாரா என்பது சந்தேகம்தான். எனக்குச் செல்வி வேண்டும், மானமும் வேண்டும். அதனால் ஒரு யோசனை செய்தேன்.

"குக்கர்ல வெறும் தண்ணியை ஊத்தி மூணு விசில் விடு. நான் மத்தியானத்துக்குள்ள எதாச்சும் கொண்டாந்துருவேன்."

விட்டாள். பாய்லர் அண்ணே விரல் பாதி நிமிர்ந்து அப்படியே நின்றது. கண்ணைத் திறந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நம்பர் எதுவும் சொல்லவில்லை. நான் செருப்பைப் போடக் குனிந்தபோது வாசலில் அவர் கால்கள் தெரிந்தன.

"மாப்ள, வெறும் தண்ணி கூவுது. அதுல எலும்புச் சத்தம்தான் இருக்கும், சதை இருக்காது. சோறு வெந்தா கஞ்சி ஏறி சத்தம் தடிக்கும். நம்பரைச் சொல்லிறட்டா?"

"உங்க சோலியைப் பாத்துக்கிட்டுப் போங்க அண்ணே."

போய்விட்டார். அன்று கொண்டுவந்தது இரண்டு பன். அதைச் செல்விக்குக் கொடுத்துவிட்டு நான் வெளியே சாப்பிட்டதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் என் மூளை முழுவீச்சில் வேலை செய்தது. சத்தம் தடிக்க வேண்டும், அவ்வளவுதானே? நுரை வேண்டும். அரிசி இல்லை. அலமாரியில் ஒரு முழுப் பாக்கெட் சீயக்காய்ப் பொடி இருந்தது. நாலு கரண்டி அள்ளித் தண்ணீரில் போட்டு, குக்கரை மூடி, அடுப்பை முழுசாக எரியவிட்டேன்.

"இதென்னங்க பண்றீக?" என்றாள் செல்வி.

"பாரு, இப்ப சதை ஏறும்" என்றேன்.

ஏறவில்லை. முதல் விசிலே வரவில்லை. வெயிட் லேசாக ஆடியது, கொஞ்சம் பழுப்பு நுரை கக்கியது, அப்புறம் அமைதியாகிவிட்டது. வெளியே ஒவ்வொரு வீடாக விசில் வந்தது. எங்கள் குக்கர் மட்டும் உள்ளே முனகியது. செல்வி அடுப்புக்கு மேலே குனிந்து பார்த்தாள்.

அப்போதுதான் அந்தக் காம்பவுண்டு இதுவரை கேட்காத சத்தம் கேட்டது. பாய்லர் அண்ணே ஓடி வரும் சத்தம். சிமெண்டுத் தரையில் கால்கள் தொப் தொப்பென்று விழ வந்தவர், கதவை மோதித் திறந்து, செல்வியைத் தோளைப் பிடித்து என் மேல் தள்ளினார். ஒரு கையை நீட்டி அடுப்பை அணைத்தார். அணைத்த அதே நொடி குக்கர் மூடியிலிருந்த வால்வு டப்பென்று பிய்த்துக்கொண்டு மேலே போனது. செல்வியின் முகம் இருந்த இடத்தின் வழியாகக் கொதிக்கிற சீயக்காய் கூரை வரை பீய்ச்சி அடித்தது.

செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாய்லர் அண்ணே சுவரோரம் நின்றார். அவர் முன்கை முழுவதும் சிவந்து கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

"மில்லுலயும் இப்படித்தான் மாப்ள. வர வேண்டிய சத்தம் வரல. நான் என்னமோ ஏதோன்னு யோசிச்சுக்கிட்டு நின்னுட்டேன். ரெண்டு பேரு போய்ட்டாக" என்றார்.

அதற்குள் ஏழு வீட்டுக்காரர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். கூரையிலிருந்து பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்த வாசனை. குக்கரில் ஒரு பருக்கை கிடையாது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முத்துமாரி அக்கா குக்கரைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த அரிசி டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பாய்லர் அண்ணே எல்லோர் பக்கமும் திரும்பினார். கண்ணை மூடினார். தலை சாய்ந்தது. அதே கிணற்றுக் குரல்.

"அஞ்சாம்... நம்பர்."

உடனே கூட்டம் கலைந்தது. ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஏழு பாத்திரம் வந்து இறங்கிவிட்டது. கடைசியாக வந்த முத்துமாரி அக்கா சோற்றுச் சட்டியைச் செல்வி மடியருகில் வைத்தாள்.

"அவரு சொல்லிட்டாரு, இனி அடுப்பைத் தொடாதீக. திருவாதவூருக்குக் குக்கர் கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்றேன், போதும்ல?" என்றவள், போகிற போக்கில் என் காதருகே குனிந்தாள். "நாங்கள்லாம் வெறும் தண்ணியோட நிறுத்திக்கிட்டோம் தம்பி. சீயக்காய் யாருக்கும் தோணல."

பெயிண்டர் கண்ணில் அன்று கட்டியது பயமில்லை என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. கையேந்திக் கேட்க யாருக்கும் நாக்கு வராது. செத்தவர் சொன்னதால் வந்த சோற்றை யாரும் தலைநிமிர்ந்து சாப்பிடலாம். நான் சாப்பிட்டேன். செல்வி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். பாய்லர் அண்ணே வாசலில் உட்கார்ந்து, கையில் மஞ்சள் பூசிய கொப்புளத்தோடு, தன் தட்டைக் காலி செய்தார்.

ஆடி முழுக்க இப்படி ஓடியது. ஆவணி பிறந்ததும் பேரையூரில் ஒரு கல்யாணம் கிடைத்தது. அட்வான்ஸில் அரிசி வந்தது, குக்கருக்குப் புது வால்வு வந்தது. மறுநாள் காலையில் எங்கள் வீட்டு விசில் தடித்து வந்தபோது குழாயடியில் எட்டாவது விரல் நிமிர்ந்தது. பாய்லர் அண்ணே சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு வந்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கும். குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, வெகுநேரம் குடித்தார். பிறகு தன் இருட்டுக்குள் போய்விட்டார்.

செல்வி ஜன்னலை விட்டு நகரவில்லை.

"என்னங்க, அவரு ரூம்ல அடுப்பே இல்லைங்க. நம்பர் விழுந்த வீட்டுலதான் சாப்பிடுறாரு. இன்னைக்கு எட்டு வீட்டுலயும் சோறு வெந்துருச்சு. இன்னைக்கு அவரு எங்க சாப்பிடுவாரு?"

செத்தவருக்குப் பசிக்கும் என்று அத்தனை வருஷமாக அந்தக் காம்பவுண்டில் யாருமே யோசித்ததில்லை. பொய்யாக ஒரு நம்பர் சொன்னால் போதும், அன்றைக்கு அவருக்கு ஒரு தட்டுச் சோறு நிச்சயம். ஒரு நாள்கூடச் சொன்னதில்லை அந்த மனிதர்.

நான் குழாயடிக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மாதிரியே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தேன்.

"ஒம்பதாம்... நம்பர்."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முத்துமாரி அக்கா என்னைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். "ஆத்தாடி" என்று வாயில் கையை வைத்தவள் உள்ளே ஓடினாள். பத்து நிமிஷத்தில் மாடிப்படிக்கு முன்னால் எட்டுப் பாத்திரம்.

பாய்லர் அண்ணே வெளியே வந்தார். பாத்திரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, என் ரூம்ல அடுப்பே இல்லையே. எதைப் பத்தவைக்கக் கூடாது?"

"பேசாம உக்காந்து சாப்புடுங்க அண்ணே. நம்பர் விழுந்துருச்சு."

உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும், "மூணாம் நம்பர்ல ஒரு விசில் கூடப் போச்சு" என்றார். அப்புறம் தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் சாப்பிடுவதை அவ்வளவு நேரம், அவ்வளவு ஆசையாக, அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.