முழுங்கி மேஸ்திரியும் பிடிகொழுக்கட்டையும்

திண்டிவனம் தாலுகாவிலேயே புத்தம்புதுப் பற்களோடு அறுபதைத் தொட்டவர் எங்கள் தெரு முழுங்கி மேஸ்திரி ஒருவர்தான். உபயோகித்தால்தானே தேயும்?

கேப்பைக் களியை எங்கள் பக்கம் யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, கருவாட்டுக் குழம்பில் புரட்டி, அப்படியே தொண்டைக்குள் இறக்குவோம். ஊர் களியோடு நிறுத்திக்கொண்டது. மேஸ்திரி அந்தச் சட்டத்தை இட்லி, போண்டா, பலாச்சுளை என்று சகலத்துக்கும் நீட்டிவிட்டார். "மென்னு மென்னு துன்றதுக்கு நான் இன்னா ஆடா?" என்பார். கட்டட வேலையில் சித்தாள்கள் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் இவர் கை கழுவியிருப்பார்.

போன பிள்ளையார் சதுர்த்திக்கு அவர் மனைவி கன்னியம்மா வெல்லம் போட்டுப் பிடிகொழுக்கட்டை செய்தார். மேஸ்திரி ஒரு குண்டானையே காலி செய்தார். மறுநாள் வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஆட்டோவில் அள்ளிப்போட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "குடல்ல பெரிய அடைப்பு. உயிருக்கே ஆபத்து. என்ன சாப்பிட்டீங்க?"

மேஸ்திரி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஓட்டல் பரோட்டாங்க" என்றார். சாகக் கிடக்கும்போதும் பெண்டாட்டி சமையலுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதாம்! வாயைத் திறக்கப்போன என்னிடம், "எதுனா சொன்ன, பேஜாராயிடும்" என்று பல்லைக் கடித்தார். அந்தப் பற்களுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

ஆபரேஷன் முடியும்வரை நாங்கள் வேண்டாத சாமி இல்லை. வெளியே வந்த டாக்டரம்மா, "ஆள் பொழைச்சிட்டார்" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். நம்பமாட்டீர்கள், உள்ளே முழுசாக ஒரு பிடிகொழுக்கட்டை, கன்னியம்மாவின் விரல் தடத்தோடு. "பரோட்டாவுல யாரும்மா கை வச்சது?"

மேஸ்திரி கண்விழித்ததும் கன்னியம்மா பிடித்துக்கொண்டார். "அப்ப இத்தினி வருசமா ருசியே தெரியாமத்தான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கினு இருந்தியா?" மேஸ்திரி ஃபேனைப் பார்த்தார். அதன்பிறகு அந்த அம்மாள் கஞ்சியை வைப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். வயிற்றுத் தையலைவிட அதுதான் மனுஷனுக்கு வலித்தது.

கார்த்திகைக்கு மறுபடி கொழுக்கட்டை வெந்தது. மேஸ்திரி ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"ஏண்டி, இதுல ஏலக்காய் போட்டியா?"

"கட்டிக்கினு வந்த நாள்லேருந்து போடறேன்யா."

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு துண்டு கிள்ளினார். அந்த முரட்டு மனுஷனை எனக்கு அன்று ரொம்பப் பிடித்துப்போயிற்று.